டயாலிசிஸ் கேள்வி–பதில்: 'எச்.சி.வி. பாசிட்டிவ்' என்று வந்தால்…

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வரும் ஹெபடைட்டிஸ் சி (எச்.சி.வி. என்ற வைரஸால் வரும் கல்லீரல் தொற்று) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சிறுநீரக, கல்லீரல் மருத்துவக் குழு இங்கே பதில் தருகிறது. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். மாத்திரை அளவுகளைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. உங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காகவே அவற்றைக் கொடுத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு மூன்று வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் டெஸ்டில் இந்தத் தடவை 'ஆன்ட்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் என்சைம்) 22தான். மஞ்சள் காமாலை இல்லை, பசி நன்றாக இருக்கிறது. ரிப்போர்ட் தப்பாக இருக்குமோ? — வாசகி, திருநெல்வேலி

தப்பாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். இந்த ஒரு டெஸ்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதைத்தான் அது காட்டுகிறது. வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. இந்த வைரஸ் தொற்றியவர்களில் பொதுவாக 100-க்கு 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸ் தானாக வெளியேறிவிடுகிறது. அதன் பிறகும் எதிர்ப்பொருள் ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும். ஆகவே அடுத்து எடுக்க வேண்டியது வைரஸையே ரத்தத்தில் தேடும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட், மக்கள் வாயில் 'வைரல் லோடு'.

அதற்கு ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காரணம் இரண்டு. ஹெபாரின் கலந்த ரத்தத்தில், வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். வேதிவினை தடைபட்டு, வைரஸ் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். டயாலிசிஸ் ஓடும்போது ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கையும் தற்காலிகமாகக் குறைகிறது. 'எப்படியும் ஊசி குத்தியிருக்கிறதே, முடிந்ததும் லைனிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்' என்று டெக்னீஷியன் சொன்னால், வேண்டாம், அடுத்த ஷிஃப்டில் முதலிலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள்.

எஸ்.ஜி.பி.டி. 22 என்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த என்சைம் அளவு மற்றவர்களைவிடத் தாழ்ந்தே இருக்கும். லேப் அச்சடித்துத் தரும் '40 வரை நார்மல்' என்ற கோடு சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்காகப் போட்டது. மாதாமாதம் பார்த்து வந்த எண் 12-லிருந்து 30-க்கு ஏறினால், கோட்டுக்குள் இருந்தாலும் அதைக் கேள்வி கேட்க வேண்டும். புதிதாகத் தொற்றியவருக்கு எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரம் ஆகும். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். எனவே காரணம் புரியாமல் எஸ்.ஜி.பி.டி. ஏறினால், எதிர்ப்பொருள் 'நெகட்டிவ்' என்றிருந்தாலும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும்.

எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது எல்லாமே நெகட்டிவ். ஒன்றரை வருடத்தில் பாசிட்டிவ். ரத்தமும் ஏற்றவில்லை. மெஷினிலிருந்துதானே வந்திருக்கும்? — வாசகர், சேலம்

டயாலிசிஸ் பிரிவுக்குள் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இடம் சரியில்லை. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயலைசருக்குள் இருக்கும் சவ்வின் துளைகளைவிட இந்த வைரஸ் பல மடங்கு பெரியது. சவ்வு கிழியாத வரை அது ரத்தப் பக்கத்திலிருந்து திரவப் பக்கம் தாண்டாது. அந்தத் திரவமும் ஒரே முறை ஓடிச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. மெஷினின் உள்குழாய் வழியாகப் பரவுவது மிக அரிது. பரவுவதெல்லாம் வெளியே, கைகளாலும் ஊசிகளாலும் டிராலியாலும்.

உதாரணத்துக்கு ஹெபாரின். 5 மில்லி குப்பி ஒன்றைப் பல பேருக்குப் பயன்படுத்துவார்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சிலேயே ஊசியை மட்டும் மாற்றி மறுபடி குப்பிக்குள் விட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் குப்பியிலிருந்து மருந்து வாங்கும் எல்லோருக்கும் ஆபத்துதான். நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்குக் குப்பியே வரக் கூடாது. தனி அறையில், சுத்தமான மேஜையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனி சிரிஞ்சில் நிரப்பிப் பெயர் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். மருந்து டிராலியைப் படுக்கைக்குப் படுக்கை தள்ளிக்கொண்டு போவதும் இதே காரணத்தால் தவறு.

அடுத்தது கையுறை. ஒருவரின் ஃபிஸ்துலாவை (கையில் டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பை) அழுத்திப் பிடித்திருக்கும்போது பக்கத்து மெஷினில் அலாரம் அடிக்கிறது. அதே கையுறையோடு போய்ப் பொத்தானை அமுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி பொத்தானில் ஏறிவிட்டது. காய்ந்த துளியிலும் அறை வெப்பத்தில் ஆறு வாரம் வரை இந்த வைரஸ் தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நடுவில் மெஷினின் வெளிப்புறம், நாற்காலியின் கைப்பிடி, பி.பி. கஃப் எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்தே ஆக வேண்டும். நோயாளி எழுந்து போன பிறகுதான் துடைக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பக்கம் துடைத்துவிட்டு அடுத்தவரை அழைக்கும் அவசரம் காலை 10 மணி ஷிஃப்ட் மாறும்போது எங்கும் சாதாரணமாக நடக்கிறது. தொற்றுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. ரத்தக் குழாயிலிருந்து மெஷினின் அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய டியூபின் நுனியில் ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும். டிரான்ஸ்டியூசர் ஃபில்டர் என்பார்கள். அழுத்தம் திடீரென ஏறினால் ரத்தம் மேலே ஏறி அதை நனைத்துவிடும். நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். ரத்தம் அதையும் தாண்டி மெஷின் பக்கம் போயிருந்தால், உள்ளே திறந்து பார்த்துச் சுத்தம் செய்யும் வரை வேறு யாரையும் அந்த மெஷினில் போடக் கூடாது.

டயலைசரை மறுபடி கழுவிப் பயன்படுத்தும் இடங்களில் பெயர் மாறிப்போவது ஒரு தனி ஆபத்து. தொடங்குவதற்கு முன் டயலைசரில் உங்கள் அப்பாவின் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

உலகச் சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ., ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்குத் தனி மெஷினோ தனி அறையோ அவசியம் என்று சொல்வதில்லை. நம்மூரில் பல பிரிவுகள் தனி மெஷின் வைத்திருக்கின்றன. அது தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பிக் கையுறை விஷயத்தில் அசட்டையாக இருந்தால் பயனில்லை. ஹெபடைட்டிஸ் பி-க்குத்தான் தனி அறை, தனி மெஷின் கட்டாயம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'சி' வந்தவரை ஏதோ தீண்டத்தகாதவர் போல ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் எனக்கு இதே நோய் என்றபோது, 'டயாலிசிஸ் ஆளுக்கு இதற்கு வைத்தியம் இல்லை, அப்படியே விட்டுவிடலாம்' என்றார்கள். இப்போது மாத்திரை இருக்கிறதாமே? — வாசகர், மதுரை

அன்றைக்கு அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் இருந்தவை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். ஊசி காய்ச்சல், மனச்சோர்வு, ரத்த அணுக் குறைவு என்று ஆளைப் படுத்திவிடும். ரிபாவிரின் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. டயாலிசிஸிலும் சரியாக வெளியேறாமல் உடம்பில் தேங்கிச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் 9-ல் தள்ளாடுபவருக்கு அது தாங்காது. பாதிப் பேர் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தபோதும் சிறுநீரக நோயாளிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். முக்கிய மருந்தான சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பில் அது உடைந்து உண்டாகும் பொருள் சிறுநீரில் வெளியேற வேண்டியது என்பதால், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள்.

முதலில் வழி திறந்தவை கல்லீரல் வழியாக வெளியேறும் மருந்துகள். எல்பாஸ்விர்–கிராஸோபிரெவிர் கூட்டு மாத்திரையை முதல் வகை வைரஸ் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2015-ல் வெளியானது. கிளெகாபிரெவிர்–பிப்ரென்டாஸ்விர் கூட்டை 2017-ல் வெளியான ஆய்வில் 104 பேருக்கு 12 வாரம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் டயாலிசிஸில் இருந்தவர்கள். 102 பேருக்கு வைரஸ் போய்விட்டது. பிறகு சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் கூட்டையே டயாலிசிஸ் நோயாளிகள் 59 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 56 பேர் குணமானார்கள், பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பழைய எச்சரிக்கையைத் தளர்த்தியது. கே.டி.ஐ.ஜி.ஓ. 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் டயாலிசிஸ் உட்பட எந்த நிலையிலும் சோஃபோஸ்புவிர் கொடுக்கலாம் என்கிறது.

இந்தச் செய்தி எட்டாமல் இன்னும் பழைய சீட்டோடு இருப்பவர்கள் நிறையப் பேர். நீங்களும் அவர்களில் ஒருவர் என்று தெரிகிறது. புதிதாக ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

என்ன மாத்திரை, எவ்வளவு நாள்? மாத்திரை தொடங்குவதற்கு முன் என்னென்ன டெஸ்ட் வேண்டும்? — வாசகி, தஞ்சாவூர்

நம் நாட்டு அரசுத் திட்டத்தில் கல்லீரல் சுருக்கம் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டாக்லாட்டாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். அதாவது 84 நாள். சுருக்கம் இருந்தால் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை. டயாலிசிஸ் என்பதற்காக அளவைப் பாதியாக்குவதோ ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதோ கிடையாது. அப்படி எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்த மாத்திரைகள் வைரஸின் எல்லா வகைகளுக்கும் வேலை செய்வதால், முதல் முறை சிகிச்சை எடுப்பவருக்கு வகை பார்க்கும் டெஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அறிவதில்தான் டயாலிசிஸ்காரர்களிடம் சறுக்கல் நடக்கிறது. ரத்த டெஸ்ட் எண்களை வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடுவார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைமின் அளவால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.-யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 58 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 30, எஸ்.ஜி.பி.டி. 25, தட்டணு 1 லட்சத்து 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் தட்டணுவை 140 என்று எடுக்க வேண்டும். 58 × 30 = 1740. 140 × 5 = 700. விடை சுமார் 2.5. 3.25-க்கு மேல் போனால் சுருக்கம் என்று சந்தேகிப்பார்கள், 1.45-க்குக் கீழ் என்றால் பயமில்லை. இவர் நடுவில் நிற்கிறார். டயாலிசிஸால் அந்த 30-ம் 25-ம் இயல்பாகவே தாழ்ந்த எண்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்த 2.5-ஐ 'பரவாயில்லை' என்று வாசிக்க மனம் வராது. 1 லட்சத்து 40 ஆயிரம் தட்டணு என்பதே ஒரு சந்தேகக் குறி.

இப்படி நடுவில் நிற்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது நல்லது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் அது, ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்த பிறகு, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்து எடுக்க வேண்டும். உடம்பில் மூன்று கிலோ நீர் ஏறியிருக்கும்போது எடுத்தால் கல்லீரல் நீரில் ஊறி விறைப்பாகக் காட்டி, இல்லாத சுருக்கத்தை இருப்பதாகச் சொல்லும். 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் சுருக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இவற்றோடு வயிற்று ஸ்கேன், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), அல்புமின், பிலிருபின், ஹெச்.ஐ.வி., கட்டாயமாக ஹெபடைட்டிஸ் பி. அதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

டயாலிசிஸ் நாளில் மாத்திரையை எப்போது போடுவது? — வாசகர், கோயம்புத்தூர்

டயாலிசிஸ் முடிந்த பிறகு. நான்கு மணி நேர டயாலிசிஸில் சோஃபோஸ்புவிர் அளவில் ஏறக்குறைய 18 சதவீதம் வெளியே போய்விடுகிறது. மறந்துபோய் ஒருநாள் காலையிலேயே போட்டுவிட்டு டயாலிசிஸுக்குப் போனால் குடி முழுகிவிடாது, அதற்காக இன்னொரு மாத்திரை போட வேண்டாம்.

டயாலிசிஸ் உள்ள நாளில் மாலை, இல்லாத நாளில் காலை என்று மாற்றி மாற்றிப் போட்டால் எதையாவது மறப்பீர்கள். ஏழு நாளும் ஒரே நேரமாக, இரவில் வைத்துக்கொள்வது எளிது. இரவு ஷிஃப்டில் டயாலிசிஸ் உள்ளவர்கள் வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்துவிட்டால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போடலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த வேளையோடு தொடரவும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

வெல்பட்டாஸ்விர் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். டயாலிசிஸ்காரர் யாரைக் கேட்டாலும் பையில் 'கேஸ் மாத்திரை' ஒன்று இருக்கும். பாஸ்பரஸுக்காகச் சாப்பாட்டோடு போடும் கால்சியம் கார்பனேட்டும் அமிலத்தை முறிப்பதுதான். கால்சியத்துக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கு முடித்துக் கால்சியத்தையும் அப்போதே போட்டுவிட்டு, 11 மணிக்கு இதைப் போடலாம். பேன்டோபிரசோல், ஒமெபிரசோல் வகை மாத்திரையை அந்த 12 வாரம் நிறுத்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது பழக்கத்தால் தொடர்கிறதே தவிரத் தேவையால் இல்லை. முடியாது என்றால், ஒமெபிரசோல் 20 மி.கி.-க்கு மேல் போகாமல், வெல்பட்டாஸ்விரைச் சாப்பாட்டோடு எடுத்து நான்கு மணி நேரம் கழித்தே கேஸ் மாத்திரை போட வேண்டும். டாக்லாட்டாஸ்விர் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

அம்மா ஏற்கெனவே தினமும் பதினான்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதோடு இது சேருமா? — வாசகி, திருச்சி

பதினான்கையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். 'பிரஷர், சுகர் மாத்திரைதான்' என்று வாயால் சொல்வது போதாது. குறிப்பாகத் தேட வேண்டியவை இவை.

அமியோடரோன். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குத் தருவது. சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு அபாயமாகக் குறைந்துவிடும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும் மருந்து என்பதால், 'போன மாதமே நிறுத்திவிட்டோம்' என்றாலும் சொல்ல வேண்டும்.

ரிஃபாம்பிசின். டயாலிசிஸ்காரர்களுக்குக் காசநோய் வருவது அபூர்வமில்லை. காசநோய் மருந்தில் உள்ள இது, கல்லீரல் என்சைம்களைத் தூண்டிவிட்டு வைரஸ் மருந்தை வேலை செய்ய விடாமல் சிதைத்துவிடும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது. காசநோயை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு இதைத் தொடங்குவதுதான் வழக்கம். ஹெபடைட்டிஸ் சி சில மாதம் காத்திருக்கும், காசநோய் காத்திருக்காது.

வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடல் மூன்றும் இதே கெடுதலைச் செய்யும். லெவெட்டிரசெட்டம் போன்ற வேறொன்றுக்கு மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். தானாக ஒருநாள் நிறுத்திவிட்டு வலிப்பை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

கொழுப்பு மாத்திரை: வெல்பட்டாஸ்விரோடு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.-க்கு மேல் வேண்டாம். தசைவலி வந்தால் உடனே சொல்லவும். இதய மருந்தான டிஜாக்சின் எடுப்பவர்களுக்கு அதன் ரத்த அளவைக் கவனிக்க வேண்டும்.

சுகர் மாத்திரையும் இன்சுலினும் இதோடு மோதுவதில்லை. ஆனால் வைரஸ் குறையக் குறைய உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படத் தொடங்கும், அதே அளவு இன்சுலினில் சுகர் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் ஏற்கெனவே அதிக நேரம் உடம்பில் நிற்கும். முதல் ஒரு மாதம் வீட்டில் அடிக்கடி சுகர் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதேபோல ஐ.என்.ஆர். மாறும்.

கீழாநெல்லி சாறு? — வாசகர், கும்பகோணம்

இந்த வைரஸை அது ஒழிக்காது. டயாலிசிஸ்காரருக்குப் பச்சிலைச் சாறு எதுவாக இருந்தாலும் பொட்டாசியம் கூடும் ஆபத்து உண்டு, அளந்து குடிக்கும் தண்ணீரிலும் அது பங்கு கேட்கும். மாத்திரை எடுக்கும் 84 நாளும் வேறு மூலிகை எதுவும் வேண்டாம்.

எனக்கு 'சி'-யோடு 'பி'-யும் இருக்கிறது என்கிறார்கள். 'சி' மாத்திரையை மட்டும் தொடங்கலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கூடாது. இரண்டும் ஒரே கல்லீரலில் இருக்கும்போது பெரும்பாலும் 'சி' வைரஸ் 'பி'-யை அமுக்கி வைத்திருக்கும். மாத்திரையால் 'சி' திடீரென ஒழிந்ததும் தூங்கிய 'பி' எழுந்துகொள்ளும். அதனால் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்களும் உண்டு. 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதைக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கையாக, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கையாகப் போட வைத்தது.

'பி' வைரஸ் இப்போது இருப்பதைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் 'பி'-க்கான மருந்தைச் சேர்த்துத் தொடங்கி, 'சி' மாத்திரை முடிந்து 12 வாரம் வரையாவது தொடர வேண்டும். பலருக்கு 'பி' மருந்து அதற்குப் பிறகும் தேவைப்படும். என்டெகாவிர் என்றால் டயாலிசிஸ்காரருக்கு 0.5 மி.கி. வாரத்துக்கு ஒரு முறை, டயாலிசிஸ் முடிந்ததும். தினமும் இல்லை. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல 'தினம் ஒன்று' என்று உறையில் எழுதித் தந்துவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆனால் 'பி' முன்பு தொற்றியதைக் காட்டும் 'ஆன்ட்டி எச்.பி. கோர்' பாசிட்டிவ் என்றால் மாத்திரை காலத்தில் எஸ்.ஜி.பி.டி.-யை விடாமல் பார்த்து வர வேண்டும்.

'பி' இதுவரை வராதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ்காரருக்கு ஒரு வேளைக்கு 40 மைக்ரோகிராம், அதாவது பெரியவர்களுக்கான வழக்கமான அளவின் இரட்டிப்பு. 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு ஊசி. முடிந்த பிறகு எதிர்ப்பொருள் அளவு 10-க்கு மேல் வந்ததா என்று பார்த்து, வருடா வருடம் சோதித்து, குறைந்தால் ஊக்க ஊசி.

தம்பி சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறான். வைரஸைப் போக்கிவிட்டு ஆபரேஷனா, ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையா? — வாசகர், ஈரோடு

காலண்டரைப் பாருங்கள். மாத்திரை 12 வாரம், குணமானதை உறுதிசெய்ய இன்னொரு 12 வாரம். மொத்தம் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தம்பியின் டெஸ்டுகள், அங்கீகாரக் குழுவின் அனுமதி என்று எப்படியும் மாதங்கள் ஆகப்போகிறது என்றால் அந்த இடைவெளியிலேயே வைரஸை முடித்துவிடுவதுதான் எங்கள் விருப்பம். ஆபரேஷன் தேதி கையில் இருக்கிறது, ஃபிஸ்துலா எதுவும் ஒழுங்காக ஓடவில்லை என்றால் மாற்றுச் சிறுநீரகத்துக்கே முதலிடம் கொடுக்கலாம். இன்டர்ஃபெரான் காலத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு இந்தச் சிகிச்சையை நினைத்தே பார்க்க முடியாது, புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்துவிடும். இப்போதைய மாத்திரைகளில் அந்தப் பயம் இல்லை.

பிறகு எடுத்தால் இரண்டு விஷயம். நிராகரிப்பைத் தடுக்கச் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு கிராஸோபிரெவிர் கூடவே கூடாது. கிளெகாபிரெவிரும் சைக்ளோஸ்போரின் தினம் 100 மி.கி.-க்கு மேல் என்றால் வேண்டாம். அதே காரணத்துக்காக டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு, வைரஸ் போய்க் கல்லீரல் தெளிந்ததும் அது மருந்தை வேகமாக வெளியேற்றி, ரத்த அளவு இறங்கிவிடும். அளவை அடிக்கடி பார்க்காவிட்டால் நிராகரிப்பு வந்து நிற்கும்.

கல்லீரல் சுருக்கம் இருந்தால் கதை வேறு. வயிற்றில் நீர், ரத்தவாந்தி என்று முற்றியிருந்தால் சிறுநீரகம் மட்டும் மாற்றுவது ஆபத்து. கல்லீரலையும் சேர்த்து மாற்றும் மையத்தில் பேச வேண்டும். அந்த நிலையில் உள்ளவருக்கு 'பிரெவிர்' என்று முடியும் மாத்திரை எதுவும் தரக் கூடாது.

வீட்டில் தட்டு, டம்ளர் தனியாக வைக்கணுமா? — வாசகி, விருதுநகர்

வேண்டாம். சாப்பாடு, தொடுதல், தும்மல் எதிலும் பரவாது. ஷேவிங் பிளேடு, டூத்பிரஷ், நகவெட்டி, சுகர் பார்க்கும் ஊசி நான்கும் தனி. வீட்டுக்கு வந்த பிறகு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து தரையில் பட்டால், கையுறை போட்டுத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கவும். கணவன் மனைவிக்குள் பரவுவது குறைவு, இருந்தாலும் இருவரும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்களே? — வாசகர், நாகர்கோவில்

அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்த புதிதில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். அந்தச் செய்திதான் இன்னும் சுற்றுகிறது. இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியபின் விலை அடியோடு இறங்கிவிட்டது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆர்.என்.ஏ. டெஸ்டும் மாத்திரையும் இலவசம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இந்தத் திட்டத்தின் சிகிச்சை மையம் எது என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களைத் திட்டத்தின் 'மாதிரி சிகிச்சை மைய'த்துக்கு அனுப்புவார்கள், அங்கே கல்லீரல் நிபுணர் பார்ப்பார். முதலமைச்சர் காப்பீட்டில் தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இங்கே மாத்திரை வாங்கலாம். ஒரே நிபந்தனை, 84 நாளுக்கான மாத்திரையையும் இடைவெளி விடாமல் போய் வாங்க வேண்டும். டயாலிசிஸ் நாளோடு மோதாத நாளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை முடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. நெகட்டிவ். ஆனால் ஆன்ட்டி எச்.சி.வி. இன்னும் பாசிட்டிவ். அதனால் 'பாசிட்டிவ் மெஷினில்'தான் போடுவோம் என்கிறார்கள். — வாசகர், சென்னை

குணமான பிறகு இந்தத் துறையில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான். ஆன்ட்டி எச்.சி.வி. உங்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். அம்மை வடுவைப் பார்த்து அம்மை போட்டிருக்கிறது என்று சொல்வது போன்றது அது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லை என்றால், மருத்துவக் கணக்கில் நீங்கள் குணமானவர்.

'பாசிட்டிவ் மெஷினிலேயே இருக்கட்டும், பாதுகாப்பாக இருக்கும்' என்பது தலைகீழ் வாதம். இந்த வைரஸுக்கு ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்ற தடுப்பாற்றல் கிடையாது. வைரஸ் உள்ள நான்கு பேர் சுற்றி இருக்கும் மூலையில், கையுறை மாற்றாத கைகளுக்கு நடுவே, குணமானவரை வாரம் மூன்று முறை படுக்க வைத்தால் மறுதொற்று வருவதற்கு நாமே வழி செய்கிறோம். நெகட்டிவ் ஆனவர்களின் பக்கம் மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

இனி உங்களுக்கு ஆன்ட்டி எச்.சி.வி. டெஸ்ட் எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. மட்டும் போதும், மாதம் ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருக்க வேண்டும். '15-க்குக் குறைவு, டிடெக்டட்' என்று வந்தால் அது நெகட்டிவ் இல்லை, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை தொடங்கும்போதே கல்லீரல் சுருக்கம் இருந்தவர்கள், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறதே தவிரப் போய்விடுவதில்லை.

ஊர் மாறினாலோ கல்யாணம் காட்சிக்காக வேறு ஊரில் இரண்டு வேளை டயாலிசிஸ் எடுத்தாலோ, புது இடத்தில் முதலில் ஆன்ட்டி எச்.சி.வி. எடுத்துவிட்டு உங்களை மறுபடி பழைய மூலைக்கு அனுப்புவார்கள். அதனால் மூன்று தாள்களை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு டயாலிசிஸ் பையிலேயே வைத்திருங்கள்: சிகிச்சைக்கு முந்தைய ஆர்.என்.ஏ. ரிப்போர்ட், மாத்திரையின் பெயரும் தொடங்கி முடித்த தேதியும் உள்ள சீட்டு, 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட். வேறு இடத்தில் டயாலிசிஸ் செய்து திரும்பினால் ஒரு மாதம் கழித்து ஒரு ஆர்.என்.ஏ. எடுத்துக்கொண்டு, அதையும் அந்த உறையில் சேர்த்துவிடுங்கள்.